துரையோடு போன விடுமுறை

மே 9

தம்பி,

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். துரை உயிரோடு இருக்கிறான். அதை மனதில் வைத்துக்கொண்டு மற்றதைப் படி.

நேற்று மதியம் அவன் வண்டிக்குள் மாட்டிக்கொண்டான். கண்ணாடி எல்லாம் ஏற்றியிருந்தது. நாங்கள் பார்த்தபோது பின் இருக்கைக்கும் முன் இருக்கைக்கும் நடுவில் சரிந்து கிடந்தான். நாக்கு கருநீலமாகத் தொங்கியது. உன் மச்சான் அவனை வாரித் தூக்கிக்கொண்டு விடுதித் தோட்டத்துக் குழாய்க்கு ஓடினார். தண்ணீர் விட்டோம், ஈரத் துண்டால் விசிறினோம். யாரோ ஒரு வாளி ஐஸ் கொண்டுவந்தார்கள். "ஐஸ் வேணாம், ஐஸ் வேணாம், என் தம்பி சொல்லியிருக்கான்" என்று நான் கத்திய கத்தலில் அந்த ஆள் வாளியைக் கீழே வைத்துவிட்டு ஓடிவிட்டார். நீ சொன்னதில் அது ஒன்றுதான் எனக்குச் சரியான நேரத்தில் ஞாபகம் வந்தது.

இந்த ஏரியூரில் ஒரே ஒரு கால்நடை மருத்துவமனைதான். டாக்டர் ஒரு அம்மா, அதிகம் பேசாதவர். சூடு இறங்கிவிட்டது, ஆனால் சூடு உள்ளே என்ன செய்துவிட்டுப் போயிருக்கிறது என்று இனிமேல்தான் தெரியும் என்கிறார். காலில் ஊசி குத்தி மருந்துநீர் ஏற்றுகிறார்கள். நான் கூப்பிட்டால் வால் அசைகிறது. கண் திறக்கவில்லை.

உன் கப்பல் கம்பெனிக்குப் போன் போட்டு அழுதேன். எடுத்தவர், "மனுஷங்களுக்கு ஏதாவது ஆனாத்தாம்மா கப்பலுக்கு லைன் குடுப்போம். மெயில் போடுங்க, தினம் ஒரு தடவை போகும்" என்றார். அதனால்தான் எழுதுகிறேன்.

அக்கா

மே 10

அக்கா,

காப்டன் அச்செடுத்துக் கொடுத்த தாளை இயந்திர அறையில் நின்றபடியே படித்தேன். எண்ணெய்க் கையால் பிடித்ததில் பாதி எழுத்து அழிந்துவிட்டது. அழியாமல் இருந்ததே போதும்.

எவ்வளவு நேரம் கிடந்தான்? யார் அவனை உள்ளே விட்டது? எழுதியதில் இந்த இரண்டும்தான் இல்லை.

அவனை உங்களிடம் விட்டுவிட்டுக் கப்பலுக்குக் கிளம்பும் முன்னால் உங்கள் மூன்று பேரையும் உட்காரவைத்து என்ன சொன்னேன்? "அவனுக்கு மூக்கு சப்பை. நாம சும்மா மூச்சு விடுறது அவனுக்கு ஓட்டப்பந்தயம்." காலையிலும் சாயங்காலமும் மட்டும் வெளியே விடு. வண்டியில் போனால் வழியில் நிறுத்தித் தண்ணீர் காட்டு. எந்தக் காரணத்துக்காகவும் வண்டியில் தனியாக விடாதே, நிழலாக இருந்தாலும் சரி, ஒரு நிமிஷமானாலும் சரி. உன் பெண், அந்தப் பொடிசு, அதை என்னைப் போலவே விரலை ஆட்டி ஆட்டித் திருப்பிச் சொல்லிக் காட்டினாள். நீ சிரித்தாய்.

இங்கே விசிறி நின்றுபோனால் இந்த இரும்புப் பெட்டிக்குள் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். எங்களுக்கு ஏறி ஓட ஏணி இருக்கிறது. அவனுக்குக் கதவுப்பிடி எட்டாது.

யார் அவனை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினார்களோ, அவர்கள் முகத்தில் இனி நான் முழிக்கமாட்டேன். அது யாராக இருந்தாலும்.

மே 11

தம்பி,

கேட்டுவிட்டாய். சொல்கிறேன். நான்தான்.

போன் செய்தபோது "நாய் வரலாம்" என்ற விடுதிக்காரர், நாங்கள் போய் இறங்கியதும் "ரூமுக்குள்ள கூடாது, பின்பக்கம் கட்டிக்குங்க" என்றார். பின்பக்கம் தகரக் கூரை. முதல் நாள் யாருக்கும் தெரியாமல் போர்வையில் சுற்றி அறைக்குள் கொண்டுபோனோம். ராத்திரி அவன் விட்ட குறட்டையில் மானம் போனது. காலையில் விடுதிக்காரர் கதவைத் தட்டி, "இன்னைக்குள்ள நாயை அனுப்புங்க, இல்ல நீங்களும் கிளம்புங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். மதியம் அவர் அறைகளைப் பார்வையிட வந்தபோது பயந்துபோய் நான் துரையை வண்டியில் வைத்தேன். அவரோடு பேச்சு வளர்ந்தது. மறந்துவிட்டேன். அவ்வளவுதான். இதற்கு மேல் என்னிடம் கேட்காதே.

நேரம் தெரியவில்லை. நீளம்தான்.

இன்று துரை கண் திறந்தான். ஆனால் யாரையும் பார்க்கவில்லை, சுவரைப் பார்க்கிறான். வாந்தியில் ரத்தம் வருகிறது. சிறுநீர் கறுப்புத் தேநீர் மாதிரி இறங்குகிறது. சிறுநீரகம் அடிவாங்கியிருக்கிறது என்றார் டாக்டர். "பாக்கலாம்மா" என்றார். அந்தச் சொல் எனக்குப் பழக்கம். நான் வேலை பார்க்கிற பல் டாக்டர் அந்தச் சொல்லைச் சொன்னால் நான் இடுக்கியை எடுத்து வைப்பேன்.

என்னைத் திட்டு. எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. ஆனால் எழுதாமல் இருந்துவிடாதே.

அக்கா

மே 12

அக்கா,

பொய் சொல்ல உனக்கு வராது. பல் டாக்டர் வாசலில் உட்கார்ந்து வருகிறவர்களிடமெல்லாம் "வலிக்காதுங்க" என்று சொல்வாயே, அதே குரலில் எழுதியிருக்கிறாய்.

உனக்கு வண்டிச் சாவி எது, வீட்டுச் சாவி எது என்றே தெரியாது. அந்த வண்டியின் கதவை மச்சானைத் தவிர யாரும் திறக்க முடியாது. ஊருக்கெல்லாம் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிற மனுஷர். கண்ணாடியில் விரல் பட்டால் துடைத்துக்கொண்டு வருவார். துரையின் முடி இருக்கையில் ஒட்டுகிறது என்று மூக்கைச் சுளித்தவரும் அவர்தான். அவர் செய்ததை நீ ஏன் உன் தலையில் அள்ளிப் போட்டுக்கொள்கிறாய்? வாயைத் திறந்து "நான்தான்" என்று சொல்லக்கூட அவருக்குப் பெண்டாட்டி வேண்டுமா? இதை அவருக்கே படித்துக் காட்டு.

அடுத்த துறைமுகத்தில் இறங்கிக்கொள்கிறேன் என்று காப்டனிடம் கேட்டிருக்கிறேன். முதலில் "நாய்க்காகவா?" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "மாத்து ஆள் கெடச்சா போ" என்றார்.

நான் வரும்வரை அவனை வைத்திருக்கச் சொல். என்ன மருந்து இருக்கிறதோ அத்தனையும் கொடுக்கச் சொல். அவன் என்னைப் பார்க்காமல் போகக்கூடாது.

மே 14

தம்பி,

உன் மெயில்களைக் கடையில் அச்செடுத்துத்தான் படிக்கிறேன்; இதை உன் மச்சானுக்குப் படித்துக் காட்டினேன். கடைசி வரை கேட்டார். "அப்படியே இருக்கட்டும், அவன் என்னையே நெனச்சுக்கட்டும்" என்றார். பிறகு வெளியே போய் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைக்க அதில் ஒன்றுமே இல்லை.

துரைக்கு நேற்று இரண்டு முறை வலிப்பு வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டான். இப்போது சிறுநீரே இறங்கவில்லை. உடம்பு ஊதிக்கொண்டு வருகிறது. தூக்க மருந்து கொடுத்துப் படுக்கவைத்திருக்கிறார்கள். மருந்து குறையும்போதெல்லாம் முனகுகிறான்.

டாக்டர் என்னை உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார். "இனிமே நான் குடுக்குற ஒவ்வொரு மருந்தும் அவனுக்காக இல்ல, உங்களுக்காக. புரியுதா? உங்க தம்பிகிட்ட கேளுங்க. அவர் சரின்னு சொன்னா வலியில்லாம அனுப்பிடலாம்" என்றார். உன் நாய், உன் வாயால் சரி என்று வந்தால்தான் செய்வார். அது அவருடைய முறையாம்.

நான் எதையும் உன்மேல் திணிக்கவில்லை. நீ அந்த அறைக்குள் இல்லை, நான் இருக்கிறேன், அவ்வளவுதான். இரும்பு மேசைமேல் அவன் நகம் இழுபடுகிற சத்தம் என் காதை விட்டுப் போகவில்லை.

பொடிசும் சரியாகச் சாப்பிடவில்லை. ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டைச் சுற்றி வைக்கிறாள். அவளுக்கும் சேர்த்துக் கேட்கிறேன். சீக்கிரம் பதில் போடு.

அக்கா

மே 15

அக்கா,

துறைமுகத்தில் இடமில்லை என்று எங்களை வெளியிலேயே நங்கூரம் போட வைத்துவிட்டார்கள். கரை தெரிகிறது. கட்டடங்கள் தெரிகின்றன. எப்போது உள்ளே விடுவார்கள் என்று யாருக்கும் தெரியாது. நீந்திப் போய்விடலாமா என்று தோன்றுகிறது, பைத்தியக்காரத்தனமாக.

சரி என்று சொல்லமாட்டேன். அந்த டாக்டருக்கு என்ன தெரியும்? அவர் வேறு யாரிடமாவது கேட்டாரா? பெரிய ஊருக்குக் கொண்டுபோங்கள். அங்கே ரத்தத்தைச் சுத்தம் பண்ணுகிற இயந்திரம் இருக்கும்.

கப்பலில் வெந்நீர்க் குழாய் வெடித்துக் கால் வெந்து நான் வீட்டோடு கிடந்தேனே, அந்த வருஷம் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? நீ வாரம் ஒருமுறை வருவாய். மீதி நாளெல்லாம் நானும் அந்தச் சுவரும்தான். பக்கத்துத் தெருக்காரர் குட்டிகளை விற்றுவிட்டு இவனை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, "மூச்சு இழுக்குதுன்னு யாரும் வாங்கல, சும்மா வெச்சுக்குங்க" என்று கொடுத்துவிட்டுப் போனார். வந்த அன்றே என் தலையணையில் ஏறிப் படுத்துக்கொண்டு என்னைக் கீழே தள்ளினான். துரை என்று கூப்பிடாமல் வேறென்ன சொல்லிக் கூப்பிடுவது? அவனை வெளியே கூட்டிப்போக வேண்டுமே என்றுதான் நான் எழுந்து நின்றேன். இல்லாவிட்டால் இன்னும் படுத்துத்தான் கிடப்பேன்.

ஊசி போடாதீர்கள். உன் காலில் விழுகிறேன். நான் வருகிறேன்.

மே 16

தம்பி,

உட்கார்ந்துகொண்டு படி.

இன்று மதியம் நான் மருத்துவமனையிலிருந்து விடுதிக்குத் திரும்பினேன். அறையில் உன் மச்சான் மட்டும் இருந்தார். "பொடிசு உன்கூட வரலையா?" என்றார். "உங்ககூடத்தானே விட்டுட்டுப் போனேன்" என்றேன். அவர் ஏரிப் பக்கம் ஓடினார். நான் சாலைப் பக்கம் ஓடினேன். கடைகாரர்களிடமெல்லாம் கேட்டேன். திரும்பி வரும்போது எங்கள் வண்டியைப் பார்த்தேன். அன்றைக்கு நின்ற அதே இடத்தில், அதே வெயிலில் நின்றது. கண்ணாடிகளெல்லாம் ஏற்றியிருந்தன.

உள்ளே என் பெண் உட்கார்ந்திருந்தாள் தம்பி.

இருக்கைகளுக்கு நடுவில், துரை கிடந்த இடத்தில், முழங்காலைக் கட்டிக்கொண்டு. முகம் செங்கல் நிறத்தில் இருந்தது. தலைமுடி குளித்த மாதிரி ஒட்டியிருந்தது. கண்ணாடியை அறைந்தேன். "தெறடி, கதவைத் தெற!" அவள் என்னைப் பார்த்தாள், முடியாது என்று தலையை ஆட்டினாள். சாவி அவள் கையில் இருந்தது. நான் போட்ட கூச்சலில் உன் மச்சான் ஓடிவந்தார். ஒரு விரல்ரேகை பட்டால் துடைப்பவர், தோட்டத்து ஓரத்திலிருந்து ஒரு செங்கல்லைப் பிடுங்கி முன் ஜன்னல் கண்ணாடியை உடைத்தார். கையெல்லாம் கிழிந்தது. அந்தக் கையோடு அவளை வெளியே இழுத்தார்.

குழாயடியில் தண்ணீர் ஊற்றியபோது அவள் பேசினாள். "துரை எவ்ளோ நேரம் இருந்துச்சோ அவ்ளோ நேரம் நானும் இருக்கணும்மா. இன்னும் ஆகல. விடும்மா."

இப்போது புரிகிறதா? நானும் இல்லை, உன் மச்சானும் இல்லை. அவள்தான்.

விடுதிக்காரர் அறைகளைப் பார்வையிட வருகிறார் என்று தெரிந்ததும், துரையைத் துரத்திவிடுவார் என்று பயந்துவிட்டாள். அப்பா சட்டையிலிருந்து சாவியை எடுத்து, அவனுடைய போர்வையையும் கிண்ணத்தில் தண்ணீரையும் உள்ளே வைத்து, குரைத்தால் வெளியே கேட்கக்கூடாது என்று கண்ணாடியை ஏற்றிவிட்டு வந்திருக்கிறாள். அவர் போனதும் கொண்டுவந்துவிடலாம் என்று எண்ணம். அதற்குள் நாங்கள் "படகு கிளம்பப் போகுது, வா வா" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனோம். "துரை எங்க?" என்று நான் கேட்டேன். "தூங்குறான்" என்றாள். எட்டிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. ஒரு மத்தியானமாவது அந்த நாயைச் சுமக்காமல் ஏரியைப் பார்ப்போமே என்று இருந்தது எனக்கு. தண்ணீரில் இறங்கியதும் அவளும் மறந்துவிட்டாள். குழந்தைதானே.

உன் கடிதத்தை மச்சானுக்குப் படித்தேன் என்றேனே. அவள் கதவுக்குப் பின்னால் நின்றிருக்கிறாள். அவர் வெளியே போனதும் என்னிடம் வந்து, நீ முன்பு எழுதிய கடிதத்தையும் காட்டச் சொன்னாள். நான் மறைத்தேன். அவளே தேடி எடுத்துப் படித்திருக்கிறாள். இன்று தண்ணீர் சொட்டச் சொட்டக் கேட்கிறாள்: "யாராக இருந்தாலும்னா நானும்தானம்மா?"

என்னால் எழுத முடியவில்லை.

மே 17

அக்கா,

பொடிசு எப்படி இருக்கிறாள்? மனுஷ டாக்டரிடம் காட்டினீர்களா? காட்டு. தெளிவாக இருந்தாலும் காட்டு. தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே இரு. ஒரு நொடிகூட அவளைத் தனியாக விடாதே. கழிவறைக்குப் போனாலும் கதவருகில் நில்.

இதைக் காப்டன் அறையில் வைத்துப் படித்தேன். படித்துவிட்டு என்ன செய்தேன் என்று எனக்கே தெரியாது. அவர் என் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்திருந்தார்.

அந்த வரியை நான் எழுதியபோது அவள் என் நினைப்பிலேயே இல்லை. இருந்தாலும் எழுதியது என் கை. மச்சானிடம் எதைச் சொல்லி மன்னிப்புக் கேட்பது? கையில் தையல் போட்டார்களா? அதையாவது எழுது.

டாக்டரிடம் சொல்லிவிடு. சரி. நான் சரி என்று சொல்கிறேன். இந்தத் தாளையே காட்டு. அவன் முனகுகிறான் என்று நீ எழுதிய அன்றே நான் சொல்லியிருக்க வேண்டும். வலி அவனுக்கு, பிடிவாதம் எனக்கு.

காதுக்குப் பின்னால் தடவு. இடது காது. வலது பக்கம் தொட்டால் அவனுக்குக் கூசும், தலையை உதறுவான். என் சட்டை எதுவும் உங்களிடம் இல்லையே? பரவாயில்லை. நீ இருந்தால் போதும். என் குரல் மாதிரிதான் உன் குரலும் என்று எல்லோரும் சொல்வார்கள்.

பொடிசு வருகிறேன் என்றால் வரட்டும். வேண்டாம் என்றால் இழுக்காதே.

மே 19

தம்பி,

முடிந்தது. நேற்றுக் காலையில்.

பொடிசை டாக்டரிடம் காட்டிவிட்டுத்தான் போனோம். அவளுக்கு உடம்பில் ஒன்றும் இல்லை. உன் மச்சானுக்கு உள்ளங்கையில் தையல். "ஸ்டியரிங் புடிக்காம இருந்தா எனக்குப் பைத்தியம் புடிச்சுடும்" என்கிறார். உன் கடிதத்தைப் படித்தார். அவரிடம் நீ ஒன்றும் கேட்க வேண்டாமாம்.

டாக்டர் உன் தாளை இரண்டு முறை படித்தார். பிறகு இரும்பு மேசையிலிருந்து துரையை இறக்கித் தரையில் மெத்தைத் துணி விரித்துப் படுக்கவைக்கச் சொன்னார். நான் இடது காதைத் தடவினேன். "துரை, டேய் துரை" என்று உன்னைப் போலக் கூப்பிட்டேன். கண் என் பக்கம் திரும்பியது. என்னை நீ என்று நினைத்தானா, தெரியாது. அப்படித்தான் என்று வைத்துக்கொள்வோம்.

பொடிசு வாசற்படியிலேயே நின்றாள். ஊசியை எடுத்ததும் விடுவிடுவென்று உள்ளே வந்து, குப்புறப் படுத்து, அவன் மூக்குக்கு முன்னால் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள். "வருது" என்றாள். மறுபடியும், "வருது". பிறகு கையை நகர்த்தாமல் காத்துக் கிடந்தாள். "வரல" என்றாள். டாக்டர் காதிலிருந்து குழாயைக் கழற்றி ஆமாம் என்று தலையசைத்தார். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் மரத்தடியில் இடம் கொடுத்தார்கள். உன் மச்சான் ஒற்றைக் கையால் மண் தள்ளினார்.

நேற்றே வீட்டுக்கு வந்துவிட்டோம். உடைந்த ஜன்னலில் அட்டையை ஒட்டிக்கொண்டு.

தம்பி, பொடிசு அழவே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. "உன் தப்பு இல்லடி கண்ணு" என்று நானும் அவரும் மாற்றி மாற்றிச் சொல்கிறோம். பக்கத்து வீட்டு அக்காவும் சொல்லிவிட்டார். சொல்லச் சொல்ல அவள் இன்னும் உள்ளே போகிறாள். நேற்றுக் கேட்டாள்: "மாமா வந்தா என்னைத் திட்டுவாரா?" "சேச்சே, மாமா திட்டவே மாட்டாருடி" என்றேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். சாவிகளையெல்லாம் பூட்டிவைத்திருக்கிறோம். கத்தரிக்கோலைக்கூட. நான் வேலைக்குப் போகவில்லை. அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. நீயாவது சொல்லேன்.

அக்கா

மே 20

அக்கா,

கப்பலை உள்ளே விட்டுவிட்டார்கள். மாற்று ஆள் வந்துவிட்டான். நாளைக்கு விமானம் ஏறுகிறேன்.

அவளிடம் போய்ச் சொல், மாமா திட்டுவார் என்று. நன்றாகத் திட்டுவார் என்று சொல்.

குழாய் வெடித்து என் கால் வெந்த அன்று வால்வைச் சரியாக மூடாமல் விட்டவன் என் கூட வேலை பார்த்த பையன். எல்லோரும் அவனிடம் "உன் தப்பு இல்ல, உன் தப்பு இல்ல" என்றார்கள். அவன் ஆஸ்பத்திரிக்கு வந்து என் கட்டிலைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, நீங்களாவது திட்டுங்கண்ணே" என்று கதறினான். நான் பெரிய மனுஷன் மாதிரி "போடா, ஒண்ணுமில்லடா" என்று அனுப்பிவிட்டேன். அவன் வேலையை விட்டே போய்விட்டான். எங்கே இருக்கிறான் என்று இன்றுவரை தெரியாது. பொடிசையும் அப்படி அனுப்ப எனக்குத் தைரியம் இல்லை.

அவள் செய்தது தப்புதான். அவளுக்கே தெரிகிற ஒன்றை நாம் இல்லை இல்லை என்றால், அவள் யாரிடம் போய்ச் சொல்வாள்? நீ எட்டிப் பார்க்காததும் தப்பு. சப்பை மூக்கு நாயை இந்தக் கொடும் கோடையில் அவ்வளவு தூரம் கூட்டிப்போகச் சொன்ன நான் செய்தது எல்லாவற்றையும்விடப் பெரிய தப்பு. வீட்டிலேயே யாரையாவது வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கலாம். எனக்கு மனசு வரவில்லை. இதையும் அவளிடம் சொல். அவள் என்னைத் திட்ட வேண்டியதையும் யோசித்து வைக்கட்டும். நான் முழுவதும் கேட்பேன்.

விமான நிலைய வாசலுக்கு அவளையும் கூட்டிக்கொண்டு வா. நீயும் மச்சானும் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள். நான் சத்தம் போட்டால் குறுக்கே வராதீர்கள். அவள் அழுதாலும் வராதீர்கள். திட்டி முடித்ததும் அவளைத் தூக்கிக்கொண்டுதான் வண்டிவரை நடப்பேன்.

போன தடவை தூக்கியபோதே கனத்தாள். இப்போது இன்னும் வளர்ந்திருப்பாள், இல்லையா? பரவாயில்லை, தூக்கிவிடுவேன்.